வழியில் நின்று பேசுகிறவர்

1. எல்லாவற்றுக்கும் "இல்லை"

தாணுலிங்கம் எங்கள் பிரிவுக்கு வந்த முதல் நாளில், மூச்சுத்திணறலைப் பற்றி நான் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே பதில் சொன்னார். அரை மணி நேரம் கழித்து, தாழ்வாரத்துச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வராமல் நின்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டியதே அதுதான்.

நான் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களை நடக்க வைப்பதும், நடக்கும்போது அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்து எழுதுவதும் என் வேலை. மருந்து டாக்டர் கொடுப்பார். அந்த மருந்தை வைத்துக்கொண்டு நோயாளி தெருமுனை வரை போக முடிகிறதா என்பதை நான் பார்க்க வேண்டும்.

தாணுலிங்கம் சுசீந்திரத்துக்காரர். அறுபதைத் தாண்டியவர். நெல் அரைக்கும் மில்லில் வாழ்நாள் முழுக்க உமித்தூசிக்கு நடுவில் நின்றவர். பீடியை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. கூட மனைவி செண்பகம் வந்திருந்தார்.

மூச்சுத்திணறலுக்கு நாங்கள் பயன்படுத்தும் அளவுகோலில் ஐந்து படிகள் உண்டு. கடினமான வேலை செய்தால் மட்டும் மூச்சு வாங்குகிறவர் பூஜ்யம். சட்டை மாட்டவே திணறுகிறவர் நான்கு. நடுப்படிகளைப் பெரும்பாலும் ஒரே கேள்விதான் பிரிக்கும். அதைத்தான் அவரிடம் கேட்டேன்.

"சமதரையில நடக்கும்போ மூச்சு வாங்கி நிக்கது உண்டா அண்ணாச்சி?"

"கிடையாதும்மா."

"கடைக்கெல்லாம் நடந்துதான் போறீங்களா?"

"நடந்துதான். காலம்பற ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. தெப்பக்குளம் சுத்தித்தான் போவேன். ஒரு எடத்துலகூட மூச்சுக்குன்னு நின்னது இல்ல."

அளவுகோலில் 'ஒன்று' என்று குறித்தேன். ஆனால் குழாயில் ஊதிப் பார்த்த ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட் அப்படிச் சொல்லவில்லை. டாக்டர் அதில் ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, என்னிடம், "பேப்பர் மோசமா இருக்கு, ஆளு நல்லா இருக்காரு. நடக்க விட்டுப் பாருங்க" என்று சொல்லியிருந்தார். பேப்பரும் ஆளும் ஒத்துப்போகாதபோது, இரண்டில் ஒன்றை உடனே நம்பிவிடக் கூடாது. நடக்க விட்டுப் பார்க்க வேண்டும்.

2. தாழ்வாரம்

ஆறு நிமிட நடைச் சோதனை எளிமையானது. தாழ்வாரத்தின் இரண்டு முனைகளிலும் கூம்பு வைத்திருப்போம். விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டிக்கொண்டு, நோயாளி தன்னால் முடிந்த வேகத்தில் போய்த் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் நிற்கலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. நடக்கும்போது பேசக் கூடாது.

இந்தக் கடைசி விதியை நம் ஊரில் காப்பாற்றுவதுதான் கஷ்டம். மருத்துவமனைக்கு வருகிற பாதிப்பேர் ஒருவருக்கொருவர் சொந்தம், மீதிப்பேர் பழக்கம். தெரிந்த முகத்தைப் பார்த்தும் பேசாமல் போனால் அது கௌரவக் குறைவு. தோவாளைப் பூ வியாபாரி ஒருவர் சோதனைக்கு நடுவே நின்று, எதிரே வந்த மைத்துனரிடம் பிச்சிப்பூ விலை சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு, சோதனை நேரத்தில் ஆட்களை மறித்து நிறுத்த வாட்ச்மேன் யேசுவடியானை ஒரு முனையில் நிற்க வைத்தேன்.

தாணுலிங்கத்துக்கு யேசுவடியானையே தெரிந்திருந்தது. மில்லுக்கு நெல் கொண்டுவந்த பழக்கம். முதல் சுற்று நன்றாகப் போனார். இரண்டாவது சுற்றில் யேசுவடியான் முன்னால் நின்றுவிட்டார்.

"என்னவே, மூத்தவன் இப்பம் எங்க நிக்கான்?"

"மஸ்கட்டுலதான் அண்ணாச்சி. போன மாசம் லீவுல வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? உள்ள ஓட்டைப் பிரிச்சுப் போட்டுட்டு, புது ஓடு வாங்குகேன்னு சொல்லி…"

"அண்ணாச்சி, பேசப்பிடாது. நடங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. வழக்கமான ஊர் வியாதிதான் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அப்போதுதான் அவர் கழுத்தைப் பார்த்தேன். காறை எலும்புக்கு மேலே உள்ள குழி, ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தோள்கள் ஏறி இறங்கின. கிளிப்பில் எண் தொண்ணூறுக்குக் கீழே போயிருந்தது. முகம் மட்டும் யேசுவடியானின் ஓட்டுக்கதையை ஆர்வமாகக் கேட்கிற முகமாக இருந்தது.

"…கடைசில பாதிக்கூரையோட விட்டுட்டு பிளேன் ஏறிட்டான்" என்று யேசுவடியான் முடித்தார்.

"கொள்ளாம், நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு தாணுலிங்கம் மறுபடி நடந்தார்.

நான் அவருக்கு முன்னால் போய் அடுத்த முனையில் நின்றேன். அங்கே யேசுவடியான் இல்லை. தாணுலிங்கம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அம்மாவுக்கு… எந்த ஊரு?"

நான் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னொரு கேள்வி கேட்கப் பார்த்தார். வரவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பேச்சுக்காக நின்றவர் இல்லை என்பது எனக்கு அங்கே உறுதியாயிற்று.

நாற்காலியில் உட்கார வைத்து, "மூச்சு முட்டல் பத்துக்கு எத்தனை?" என்று கேட்டேன். ஒரு கையை முழுதாக விரித்து, மற்றக் கையில் இரண்டு விரலைக் காட்டினார்.

3. செண்பகம் சொன்னது

அவர் ஓய்வெடுக்கும்போது, பெஞ்சில் இருந்த செண்பகத்திடம், "அண்ணாச்சி நல்லாப் பேசுவாங்களோ?" என்று கேட்டேன்.

"இவரா?" என்று ஆரம்பித்தார். "கெட்டிக்கிட்டு வந்த புதுசுல இவரு வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மில்லுச் சத்தத்துல காதும் கேக்காது, பேச்சும் கிடையாது. இப்பம் ரெண்டு மூணு வருசமாத்தான் இந்த ஆட்டம். கறிவேப்பிலை வாங்கப் போனாருன்னா கொழம்பு ஆறின பொறவுதான் வருகாரு. நிக்காத நடை கிடையாது. தெருவுல எல்லாவளும், 'தாணு அண்ணனை மாதிரி நம்ம கஷ்டத்தைக் கேக்க ஒரு ஆளு உண்டா'ங்கா. எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

தாணுலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அடுத்தாளைப் பேச விட்டுட்டு நீங்க மூச்சு எடுக்கீங்க. அப்படித்தானே?"

அவர் தலையை நிமிர்த்தினார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஒருநாள் தெப்பக்குளத்துக்கிட்ட வச்சு நெஞ்சு அடைச்சுப் போச்சும்மா. கல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். எதுக்க ஒருத்தன் வந்து, 'என்னவே நிக்கீரு?'ன்னான். என்னத்தச் சொல்ல? 'மக பெத்தாச்சா?'ன்னு கேட்டேன். அவன் பிரசவம், ஆஸ்பத்திரி, மருமவன் சண்டைன்னு எல்லாம் சொல்லி முடிச்சப்போ எனக்கு மூச்சு வந்துட்டு. அவனுக்கும் சந்தோசம். இது கொள்ளாமேன்னு பிடிச்சுக்கிட்டேன்."

எந்த இடத்தில் யார் என்பதுகூட அவருக்குத் தீர்மானமாக இருந்தது. வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் பால் சொசைட்டிக்காரர். அவர் குறைவாகத்தான் பேசுவார், அந்த இடத்தில் திணறலும் குறைவு. திருப்பம் தாண்டி ஒரு ரிட்டயர்டு தாசில்தார். "அங்க எனக்கு நல்லா முட்டும். அவருகிட்ட பென்சனைப் பத்திக் கேட்டாப் போரும். ரெண்டு ஆளுக்கு உள்ள மூச்சு கிடைக்கும்."

நான் சிரித்தேன். செண்பகம் சிரிக்கவில்லை.

"அப்பம் வீட்டுல எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்காதது?"

"வீட்டுல உக்காந்துல்லா இருக்கேன். முட்டாதே."

"நல்லா இருக்கு கத!" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரத்தில், கையில் சாயாவோடும் அழுத கண்ணோடும் திரும்பி வந்தார்.

அளவுகோலில் 'ஒன்று' என்பதை அடித்துவிட்டு 'மூன்று' என்று எழுதினேன்.

4. விளி

"இவ்வளவு நாளும் ஓடிச்சே. இப்பம் என்னத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். அதற்குச் செண்பகம்தான் பதில் சொன்னார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அப்போது ஆனி பிறந்திருந்தது. பத்திரிகை அடித்து மஞ்சள் பையில் வந்துவிட்டது. ஆனால் இவர் வீடுவீடாகப் போய் விளிக்க, அதாவது அழைக்க, கிளம்ப மறுக்கிறார். நாளைக்கு, நாளைக்கு என்கிறார். கோட்டாறில் இருக்கும் இவருடைய அண்ணன், தம்பி வேண்டுமென்றே சொந்தக்காரர்களை ஒதுக்குகிறான் என்று கோபத்தில் இருக்கிறார். உடம்புக்கு ஏதோ இருக்கிறது என்று தான்தான் இழுத்து வந்ததாகச் சொன்னார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையைத் தபாலிலோ வாட்ஸப்பிலோ அனுப்பினால் அது வெறும் தகவல். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் நேரில் வந்து, வீட்டு நடையில் நின்று, வாயால் விளித்தால்தான் அது விளி. வேறு ஆளை அனுப்பினால் சொந்தக்காரர்கள் வர மாட்டார்கள். வராததோடு நிற்கவும் மாட்டார்கள்.

தாணுலிங்கத்தின் சிக்கல் எனக்கு உடனே பிடிபட்டது. வழியில் நிற்கும்போது அவர் கேள்வி கேட்டால் போதும், மற்றவர் பேசுவார். விளிக்கப் போனால் மற்றவர் வாய் திறக்குமுன் இவர்தான் பேச வேண்டும். அதுவும் நடந்து வந்து படியேறிய உடனே.

"பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு, அவன் அப்பன் பேரு, ஊரு, மண்டபம், நாளு, முகூர்த்தம். எல்லாம் நின்னுக்கிட்டுச் சொல்லணும்மா. 'குடும்பத்தோட வந்து நடத்தித் தரணும்'னு முடிக்கணும். எடையில மூச்சு வாங்கிச்சுன்னா தாணுவுக்குக் காசம்னு சொல்லிருவானுவ. அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போக ஒரு பொழுது போரும்."

"காசம் இல்லைன்னு டெஸ்ட்டு பண்ணிப் பார்த்தாச்சு."

"அதை வீடுவீடா எப்பிடிச் சொல்ல?"

"காருல போலாம்லா?"

"தெருவுல காரு போவாது. காருல இருந்துக்கிட்டு விளிக்க நான் என்ன எலக்சனுக்கா நிக்கேன்?"

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பயிற்சிக்கு இலக்கு வேண்டும். மருத்துவப் புத்தகத்தில் இலக்கு மீட்டரில் இருக்கும். இவருடைய இலக்கு, ஒரு தெரு நடந்து, படியேறி, நின்று, ஒரு விளி சொல்வது. நிச்சயம் செய்ய முடியும் என்று அவரிடம் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மூச்சுக்குழாயின் பழுதை என்னால் மாற்ற முடியாது. உபயோகிக்காமல் தளர்ந்துபோன கால்களையும் அவசரமாக ஓடும் மூச்சையும் மாற்ற முடியும். அதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

5. பெஞ்சு ஒவ்வொன்றும் ஒரு வீடு

டாக்டர் இன்ஹேலரை மாற்றிக் கொடுத்தார். மருந்தை இழுத்த உடனே வெளியே ஊதிவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது. மூச்சைக் கொஞ்சம் உள்ளே நிறுத்தச் சொல்லிக் கொடுத்தேன். உதட்டைக் குவித்து, உள்ளே இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் வெளியே விடப் பழக்கினேன். கொஞ்சம் நடை, கொஞ்சம் நிற்றல், மறுபடி நடை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்தல். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும், பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதினேன்.

பிறகு விளியை எடுத்துக்கொண்டோம். அவர் அதை ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவர். நாங்கள் அதைத் துண்டாக்கினோம். மகள் பெயர், மூச்சு. மாப்பிள்ளை பெயர், மூச்சு. மண்டபம், மூச்சு. தாழ்வாரத்தில் உள்ள ஒவ்வொரு பெஞ்சும் ஒரு வீடு. நடந்து போய், பெஞ்சு முன்னால் நின்று, விளிக்க வேண்டும். பெஞ்சில் யாராவது இருக்க வேண்டுமே? மருந்துக்கடைப் பெண், லேப் டெக்னீசியன், யேசுவடியான் என்று, அந்த நேரத்தில் கை ஒழிந்தவர்களை உட்கார வைத்தேன்.

அவர் கால் சீக்கிரமே தேறியது. ஆனால் ஒரு இடத்தில் பிடிவாதமாக இருந்தார். படியேறிய உடனே பேசக் கூடாது, பேசாமல் நின்று மூச்சைச் சரிசெய்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"சும்மா மொறைச்சுக்கிட்டு நின்னா அவன் என்ன நினைப்பான்?"

"மூச்சு விடுதீங்கன்னு நினைப்பான்."

"அதுதானே வேண்டாம்ங்கேன். நான் போனவுடனே 'எப்பம் கல்யாணம்?'னு அவனையே கேக்க வச்சா என்ன?"

"அவன் கேட்டா நீங்கதானே பதில் சொல்லணும்?"

அதற்குத் தலையாட்டினார். ஆனாலும் கேட்கவில்லை. நடை தேறிவிட்ட தைரியத்தில், என்னிடமும் செண்பகத்திடமும் சொல்லாமல் ஒருநாள் நேராகத் தாசில்தார் வீட்டுக்குப் போய்விட்டார். படியேறிய வேகத்திலேயே ஆரம்பித்திருக்கிறார். மகள் பெயரைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பெயரில் மூச்சு முட்டிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாசில்தார் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து, "அழாதீரும் வே. பொம்பளப்பிள்ளையைப் பெத்தா ஒருநாள் அனுப்பித்தானே ஆவணும்?" என்று தேற்றியிருக்கிறார். சாயங்காலத்துக்குள், தாணுவுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை, பெண்ணை நினைத்து அழுகிறார் என்று தெருவில் பேச்சாகிவிட்டது.

மறுநாள் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மாப்பிள்ளையோட மாமா போன் பண்ணுகாரு. 'உங்களுக்கு என்ன குறைன்னு தொறந்து சொல்லுங்க'ங்காரு. பிள்ள ராத்திரி சாப்பிடல. நான் என்ன செய்யட்டும்?"

"உள்ளதைச் சொல்லுங்க. நெஞ்சுல தூசி கேறினதால மூச்சு வாங்கும், தொத்து வியாதி இல்லைன்னு. டாக்டர் எழுதியே தருவாரு. பொறவு, படியில பேசாம நில்லுங்க. நீங்க மறைக்கதுனாலதான் அவங்க ஒரு கதை கெட்டுகாங்க."

அங்கேயே என் மேசையில் இருந்தபடி அந்த மாமாவுக்குப் போன் செய்தார். மெதுவாக, துண்டு துண்டாக, நடுவில் மூச்சு விட்டு, உள்ளதைச் சொன்னார். எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, "அவரு அப்பாவுக்கும் இதுதானாம். செங்கல் சூளையில கிடந்தவராம்" என்றார். பிறகு எழுந்து, நான் சொல்லாமலேயே, முதல் பெஞ்சை நோக்கி நடந்தார்.

அன்று யேசுவடியான் முன்னால் போய் நின்று, கையை லேசாக உயர்த்தினார். பேசவில்லை. உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட்டார். மறுபடியும் விட்டார். யேசுவடியான் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். பிறகு விளி வந்தது. மகள் பெயரிலிருந்து "நடத்தித் தரணும்" வரைக்கும், குறையில்லாமல்.

"நல்லாப் படிச்சிட்டீரு அண்ணாச்சி" என்றார் யேசுவடியான்.

"படிச்சதாவது? விளிச்சா விளிச்சதுதான். வீட்டுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துரணும், கேட்டியா?"

பெஞ்சில் இதுவரை உட்கார்ந்த எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட்டார். லேப் டெக்னீசியனை ஒத்திகையில் பலமுறை விளித்திருந்தார்.

6. என் வீட்டு மாடி

சுசீந்திரத்தில் தெருத்தெருவாக அவர் விளித்து முடித்ததைச் செண்பகம் அவ்வப்போது போனில் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு தெருதான். கிளம்புமுன் இன்ஹேலர். வீட்டு நடையில் முதலில் நிற்பார். இரண்டு நாளில் தெருவுக்கே அது பழகிவிட்டது. "இப்பம் பிள்ளைகளே, 'பேசாத, தாணு மாமா மூச்சு விடுகாரு'ன்னு சொல்லுகு" என்றார் செண்பகம்.

கடைசியாக என் வீட்டுக்கு வந்தார்கள். என் வீடு மாடியில். கீழே ஆட்டோ நின்ற சத்தம் கேட்டதும் எட்டிப் பார்த்து, "நீங்க ஏற வேண்டாம், நான் கீழே வாறேன்" என்றேன்.

அவர் மேலே பார்த்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். செண்பகம் குங்குமச் செப்போடு முன்னால் ஏறி வந்துவிட்டார். தாணுலிங்கம் படி வளைவில் ஒருமுறை நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில்தான் இருந்தார். புதிய முகம், கேட்க எத்தனையோ கேள்விகள் இருந்திருக்கும். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பிடியில் கையை ஊன்றி, நின்று, மூச்சு விட்டுவிட்டு ஏறினார்.

என் நடையில் வந்து நின்று கையை உயர்த்தினார். நாங்கள் மூன்று பேரும் பேசாமல் நின்றோம். எனக்குப் பழக்கத்தில், பத்துக்கு எத்தனை என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது, மூன்றுக்கு மேல் இருக்காது. பிறகு அவர் மஞ்சள் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, என் மகள் கல்யாணத்துக்கு, என்று ஆரம்பித்தார்.

அந்தக் கல்யாணத்தில், எங்கள் தாழ்வாரத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு பந்தி வரிசை தேவைப்பட்டது.

இந்த வேலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். "மூச்சுக்காக நிற்கிறீர்களா?" என்று கேட்டால், நம் ஆட்கள் இல்லை என்பார்கள். அவர்கள் மூச்சுக்காக நிற்பதில்லை. செருப்பு வாரைச் சரிசெய்ய நிற்பார்கள், சுவரொட்டி படிக்க நிற்பார்கள், மாட்டைத் தடவ நிற்பார்கள். படியில் நின்று சாமி கும்பிடுவார்கள். நிற்பதற்கு ஒரு மரியாதையான காரணம் எல்லோரிடமும் இருக்கும். அதனால் நான் இப்போது அப்படிக் கேட்பதில்லை. வீட்டிலிருந்து கடை வரைக்கும் உள்ள வழியைச் சொல்லச் சொல்கிறேன். வழியில் யார் யாரிடம் பேசுவீர்கள் என்று கேட்கிறேன். பதில் சொல்ல ஆரம்பித்ததும் அவர்கள் வாயைப் பார்ப்பதில்லை. கழுத்தைப் பார்க்கிறேன்.